படம் முடிந்த பிறகும் ஓடிய கசற்

என் வாய்க்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. செத்த வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழும்புவேன். ஆனால் என் முழங்கால்களைப் பற்றி யாருக்கும் தெரியாது. வாய் பகிடி விடும்போது அவை தங்கள்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும். சண்டைக் காலம் முழுவதும் நான் அகலமான சாரன் உடுத்தது அதற்காகத்தான். காற்றோட்டத்துக்கு என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

அந்த முழங்கால்கள் அதிகம் ஆடியது ஒரு வீடியோப் படத்தால்.

என் கூட்டாளி ஒருவன் வாவிக்கு அங்கால், போராளி இயக்கத்தின் பிடியில் இருந்த படுவான்கரையில் இருந்தான். கொக்கட்டிச்சோலை தாண்டி, வயல் வட்டை தொடங்குகிற இடத்தில் வீடு. பெயர்ப்பலகை எழுதுவது தொழில். சில்லறைக் கடை, வாசிகசாலை, லொறியின் நெற்றி, கோயில் வளைவு, எங்கே பார்த்தாலும் அவன் எழுத்துத்தான் இருக்கும். ஷெல் விழுந்து வலக்கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவன் தூரிகையைத் தொடவில்லை. இடக்கையால் சோறு தின்னப் பழகினான், பீடி பற்றவைக்கப் பழகினான், என் முதுகில் அடிக்கவும் பழகினான். எழுத மட்டும் பழகவில்லை.

ஒருநாள் அங்கிருந்து தயிர் விற்க எங்கள் ரவுணுக்கு வரும் மனுசி, சட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை என்னிடம் தந்தாள். கருவாடு சுற்றிப் போன சஞ்சிகைத் தாள். அதில் ஒரு படத்தின் விளம்பரம். மெட்ராசில் சினிமாத் தட்டிகள் எழுதிய ஓவியர் ஒருவரின் வாழ்க்கைக் கதை, இப்போது வீடியோவில் வெளிவந்திருக்கிறது என்று போட்டிருந்தது. பிறவியிலேயே இரண்டு கையும் சூம்பிப்போன மனிதர். தூரிகையைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மூங்கில் சாரத்தில் ஏறி நின்று, வீட்டை விடப் பெரிய முகங்களை எழுதியவராம். தியேட்டரில் படம் ஒரு கிழமைகூட ஓடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். சண்டையும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் எந்தப் படம்தான் ஓடியது? தாளின் ஓரத்தில், இடக்கையால் கிறுக்கிய எழுத்தில் கூட்டாளி எழுதியிருந்தான்: "வந்தாக் கொண்டு வா."

கை போன பிறகு அவன் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அதனால் இதை இல்லை என்று சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்கலாம். முழங்கால்கள் அப்போதே சொல்லச் சொன்னவை.

ரவுணில் வீடியோக் கடை வைத்திருந்தவர் காத்தான்குடிக்காரர். முஸ்லிம் ஆக்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். படம் அவரிடம் வந்திருந்தது. ஆனால் வாவி கடக்கும் கசற் திரும்பி வராது என்பது அவருடைய அனுபவம்.

"வெத்துக் கசற்றும் கொழும்பிலயிரிந்து வராம ரெண்டு கிழமையாப் போச்சி தம்பி," என்றார். "ஊட்டில பழசு ஒண்டு கிடந்தாக் கொண்டாங்க. அதுக்கு மேலால அடிச்சித் தாறன்."

அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு மூளை வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு மூளை வந்த நாட்கள் எல்லாமே கெட்ட நாட்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு கசற்றுகள் இருந்தன. ஒன்று மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கு. அது மனைவியின் சேலைகளுக்கு நடுவில் அலுமாரியில் இருந்தது. மற்றது ஒரு செத்த வீடு. என் மனைவியின் சித்தி மகன் இயக்கத்துக்குப் போய்ச் சண்டையில் செத்திருந்தான். படுவான்கரையில் அடக்கம் நடந்தது. கொடி, வரிசையாகத் துப்பாக்கி, வானத்துக்கு வெடி, எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, சொந்தக்காரர் வீடுகளுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வாவி கடந்து வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவரை நான் யார் என்றும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் துணிவு வேண்டும். அந்தக் கசற்றில் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போவது நான். கமராக்காரனுக்கு என் முகம் என்னவோ பிடித்துப் போயிருந்தது. எங்கே திருப்பினாலும் கிறுகி என்னிடமே வந்தான். அதை அரிசிப் பீப்பாவின் அடியில் புதைத்து வைத்திருந்தேன்.

இரண்டு கசற்றிலும் எழுத்தே கிடையாது. ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கசற்றுகளின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போன பிறகு, எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் லேபிளைக் கிழித்துவிட்டார்கள். எல்லா வீட்டிலும் மொட்டைக் கசற்றுகள். பக்கத்து வீட்டுக்காரர் தகப்பனின் ஆண்டுத் திதிக்கு அவருடைய செத்த வீட்டைப் போடுவதாக நினைத்து, மைத்துனியின் கலியாணத்தைப் போட்டு, வந்திருந்தவர்கள் அழுவதா இருப்பதா என்று தெரியாமல் முழித்த கதையும் உண்டு.

என் மூளை சொன்னது இதுதான்: செத்த வீட்டுக் கசற்றை எடுத்துக் காக்காவிடம் கொடு. படம் மேலே பதியும், கொடியும் துப்பாக்கியும் உன் முகமும் அழியும். கூட்டாளிக்கும் படம், உனக்கும் நிம்மதி. மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அரிசிக்குள் தோள் வரை கைவிட்டுக் கசற்றை எடுத்தேன். பெட்டியைத் தூக்கிப் போனவன் நான்தானே, புதைத்ததைத் தோண்டுவதும் என் பொறுப்பு என்று எனக்குள் ஒரு பகிடியும் விட்டுக்கொண்டேன்.

இரண்டு நாளில் காக்கா கசற்றைத் திருப்பித் தந்தார்.

"நல்லாத் தெளிவா விழுந்திருக்கு."

"முந்தி அதுக்குள்ள என்ன கிடந்த எண்டு பாத்தீங்களா, காக்கா?"

"நான் ஏன் தம்பி பாக்க? ஆக்கள்ட கசற்றப் பாத்தா நமக்குத்தான் கண்ணு நோவு."

மறுநாள் காலை துறைக்குப் போனேன். வாவியைக் கடக்கும் மிதவையை எங்களவர் பாதை என்பார்கள். பாதையில் ஏறுவதற்கு முன் ஆமியின் காவற்சாவடி, சென்றி. பற்றறி கொண்டு போகக் கூடாது, பெற்றோல் கூடாது, கசற் கொண்டு போகலாம், ஆனால் அவர்களுடைய டெக்கில் போட்டுக் காட்ட வேண்டும். வழக்கமாக ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். எனக்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். பொழுது போகாமல் பையிலிருந்து கசற்றை எடுத்துப் பார்த்தேன்.

கசற்றின் முதுகில் கண்ணாடி வைத்த சின்ன யன்னல் இருக்கும், நாடா எந்தப் பக்கம் எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று தெரியும். காக்கா படம் முடிந்த இடத்தோடு நிறுத்தி அப்படியே எடுத்துத் தந்திருந்தார். வலப்பக்கம் கொழுத்த சுருள். இடப்பக்கம் ஒரு விரல் மொத்தத்துக்கு நாடா மிச்சம்.

அது மூன்று மணித்தியாலக் கசற். படம் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. மிச்ச நாடாவின் மேல் ஒன்றும் பதியவில்லை. அதில் முன்பு என்ன இருந்ததோ அதுதான் இருக்கிறது. கொடி, துப்பாக்கி, நான்.

இன்னும் ஒன்று மெல்ல மண்டையில் ஏறியது. கசற் படம் முடிந்த இடத்தில் நிற்கிறது. சென்றியில் போட்டுப் பட்டனை அமர்த்தினால் முதலில் ஓடப்போவது படமல்ல.

வரிசையில் இருந்து திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். திரும்பிப் போகிறவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். வாவிக்குள் எறியலாமா? காவல் கோபுரத்தில் நின்றவன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. நாடாவை உருவித் தின்றால் எத்தனை வாயில் முடியும் என்றுகூடக் கணக்குப் போட்டேன். முன்னால் பத்துப் பேர் ஆறாகி, மூன்றாகி, யாருமில்லாமல் போனார்கள்.

சென்றியில் கொஞ்சம் தமிழ் பேசும் கோப்ரல் ஒருவரும், மெல்லிய சிப்பாய் ஒருவனும் இருந்தார்கள்.

"இது என்ன?"

"படம் சேர்."

"என்ன படம்? இயக்கப் படம்?"

இந்த இடத்தில் புத்தியுள்ள மனுசன் "சாமிப் படம்" என்று சொல்லியிருப்பான், அல்லது வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பான். பயம் வந்தால் என் வாய் இரண்டு மடங்கு வேலை செய்யும். "இல்ல சேர், கை ஏலாத ஆள் ஒராள் படம் கீறுற கதை" என்றேன். எப்படிக் கீறுவான் என்று கோப்ரல் கேட்டார். என் அடையாள அட்டையைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, கழுத்தை வளைத்து, காற்றில் ஒரு பெரிய மீசை கீறிக் காட்டினேன். மெல்லியவன் சிரித்தான். அவன் சிரித்ததும் எனக்கு வேகம் பிடித்து, மற்றப் பக்க மீசையையும் கீறினேன்.

"உண்மைக் கதை?"

"உண்மையா இருந்த ஆள் சேர்."

"ஹரி," என்றார் கோப்ரல், சரி என்று சிங்களத்தில். "போடு. பாப்பம்."

ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய சோதனையை நானே முழுப்படம் ஆக்கிவிட்டேன்.

தகரக் கூரைக்குக் கீழே ரீவியும் டெக்கும். மெல்லியவன் கசற்றைத் தள்ளினான். அவன் விரல் பட்டனுக்குப் போனது.

"சேர், ரீவைன்ட்."

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. பூனையை மிதித்ததுபோல் ஒரு சத்தம். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"முதல்ல இருந்து பாக்கோணும் சேர். இல்லாட்டிக் கதை விளங்காது."

கோப்ரல் தலையாட்டினார். கசற் பின்னுக்குச் சுற்றத் தொடங்கியது. அந்த இரைச்சலைப்போல் இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

என்னை வாங்குப் பலகையில் இருத்தி, கதையைச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார். என் சிங்களம் மீன் சந்தையில் பழகியது. நல்ல மீன், பழுதான மீன், நாளைக்கு வரும், எனக்குத் தெரியாது, இவ்வளவும்தான் கைவசம். படத்தில் தாய் மகனின் சூம்பிய கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அழுதாள். "அம்மா சொல்றா, இது நல்ல மீன் இல்ல" என்ற மாதிரி ஏதோ சொன்னேன். கோப்ரல் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, "விளங்குது" என்றார்.

கால்வாசி போனதும் என் வேலையைத் தொடங்கினேன்.

"இனி ஒண்டும் இல்ல சேர். மிச்சம் எல்லாம் அழுகை."

"அழுகை பரவாயில்ல. நீ சொல்லு."

"பாதை வந்திட்டுது சேர்."

"மறுகா வரும்."

பாதை போனது, வந்தது, மறுபடியும் போனது. ஓவியர் சாரத்தில் ஏறினார், விழுந்தார், மறுபடியும் ஏறினார். மெல்லியவன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குந்திக்கொண்டான். நான் படத்தைப் பார்க்கவில்லை. டெக்கின் நெற்றியில் மாறிக்கொண்டிருந்த இலக்கங்களையே பார்த்தேன். ஒரு மணித்தியாலம் நாற்பது. ஒரு மணித்தியாலம் ஐம்பத்தைந்து. ஓவியர் சீக்கிரம் சாகக் கூடாது என்று நான் கும்பிட்டதைப்போல் அவருடைய தாய்கூடக் கும்பிட்டிருக்க மாட்டாள். அந்தப் பாவி மனுசன் இரண்டு மணித்தியாலமும் ஆறு நிமிடமும் ஆனபோது, கடைசித் தட்டியை மழை கழுவுவதைப் பார்த்துக்கொண்டே செத்தார்.

பெயர்கள் ஓடத் தொடங்கின. எழும்பினேன்.

"முடிஞ்சுது சேர். நான் வாறன்." டெக்கை நோக்கிக் கையை நீட்டினேன்.

"இன்ன," என்றார். இரு என்று அர்த்தம். என் சந்தைச் சிங்களத்திலும் அந்தச் சொல் இருந்தது. "உண்மைக் கதைதானே. கடைசியில அந்த ஆள்ட போட்டோ வரும்."

உண்மையாக இருந்த ஆள் என்று சொன்ன வாயை அந்த நேரம் ஊசி நூலால் தைத்திருக்கலாம்.

போட்டோ வந்தது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்த, நரைத்த மனிதர். கோப்ரல் குனிந்து பார்த்தார். போட்டோ போனது. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன. யாரும் எழும்பவில்லை. சத்தம்தான் முதலில் வந்தது. பல பொம்பிளைகள் ஒன்றாகக் குரல் எடுக்கும் சத்தம். பெட்டியைத் தூக்கும்போது எழுந்த ஒப்பாரி அது என்று என் காது சொன்னது. என் மகளின் முகம் ஞாபகம் வந்தது. வீட்டில் அரிசி இன்னும் எத்தனை நாளைக்குக் காணும் என்றும் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

மெல்லியவன் சிரித்தான்.

கண்ணைத் திறந்தால், திரையில் வாழைமரம் கட்டிய பந்தல். என் மகள் பட்டுச் சேலையில் குனிந்து நிற்கிறாள். சுற்றிப் பொம்பிளைகள் குரவை போடுகிறார்கள். அவர்களுக்கு நடுவில், மனைவியின் நாவல் நிறச் சேலையைக் கட்டி, தலையில் குடத்தை வைத்துக்கொண்டு, இடுப்பை ஒடித்து ஒடித்து ஆடுவது நான்.

கோப்ரல் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது... நீ?"

"ஓம் சேர். மகள்ட சடங்கு."

மெல்லியவன் அந்த இடத்தை மூன்று தரம் திருப்பிப் போட்டான். பிறகு கோப்ரல் வாங்கில் சாய்ந்துகொண்டு, "இங்க ஆடு," என்றார்.

பகிடியாகச் சொன்னாரோ கட்டளையாகச் சொன்னாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. முழங்கால்கள் காலையிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தவை. நான் மேல்பாதியை மட்டும் சேர்த்துக்கொண்டேன். குடத்துக்குப் பதிலாகப் பையைத் தலையில் வைத்தேன். வெளியே வெயிலில் நின்ற சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. சாதாரணமாக நான் தும்மினாலும் சிரிக்கிற ஆக்கள். அன்று ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

கசற்றை என் கையில் தந்து, போகச் சொன்னார்.

பாதை நடு வாவிக்கு வந்த பிறகுதான் மூச்சு வந்தது. மூச்சோடு கணக்கும் வந்தது. அரிசிக்குள் இருந்தது சடங்குக் கசற் என்றால், அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் இருப்பது எது? சுற்றிவளைப்பில் முதலில் திறப்பதே அலுமாரியைத்தான். இன்றைக்கு வந்தால்? இப்போது, நான் நடு வாவியில் நிற்கும் இந்த நேரத்தில் வந்து, மனைவியும் மகளும் மட்டும் வீட்டில் இருந்தால்? பாதையைத் திருப்பச் சொல்ல முடியாது. திரும்பினாலும் அதே சென்றி, அதே கோப்ரல்.

கூட்டாளி வீட்டுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் ஒன்று இருந்தது. அங்கே படம் போட்டார்கள். ஒரே நாளில் இரண்டாம் தரமும் அந்த ஓவியர் சாவதற்காகக் காத்திருந்தேன், இந்த முறை சீக்கிரம் செத்தால் நல்லது என்று. பின்னேரம் கடைசிப் பாதையைப் பிடிக்க வேண்டும். கூட்டாளி திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"நடிக்கிறான்கா," என்றான் கடைசியில்.

"ஏன், நல்லாத்தானே செய்றான்."

"தூரிகையில சாயம் இல்ல. வெறும் தூரிகையத் தொட்டுத் தொட்டு எடுக்கிறான். கழுத்து அப்பிடித் திரும்பினா எழுத்து வலப்பக்கம் சரியோணும். இவன்ட நேரா நிக்கிது." பிறகு, "உண்மையான ஆள்ட எழுத்துச் சரிஞ்சிருக்கும்," என்றான்.

கசற்றை வைத்துவிட்டுப் போகச் சொன்னான். சடங்குப் பகுதி ஓடியபோது, ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்டேன். எனக்குச் சிரிக்க நேரமில்லை. அலுமாரிதான் கண்ணுக்குள் நின்றது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலுமாரியைத் திறந்து சேலைகளை இழுத்துப் போட்டேன். கசற் இல்லை. மனைவி கதவடியில் வந்து நின்றாள்.

"என்னத்தத் தேடுறீங்க?"

"செத்த வீட்டுக் கசற்."

"அது அடுப்புக்குள்ள போய் எத்தின மாசம். கடைசியா ரோந்து வந்த கிழமையே போட்டுட்டன். அந்த இடத்தில மகள்ட கசற்ற வைச்சன், அரிசிக்குள்ள கிடந்தா ஆரும் தூக்கிக்கொண்டு போக மாட்டாங்க எண்டு."

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"உங்களிட்டச் சொன்னா அதையும் பகிடியாக்கி ஊரெல்லாம் சொல்லுவீங்க." சேலைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக மடித்தாள். "ஒருக்காப் போட்டுப் பாத்திட்டு எரிப்பமா எண்டு நினைச்சன். பாத்தா நெருப்புல போட மனம் வராது. பாக்காமப் போட்டன்."

அவளும் அந்தச் சித்தி மகனும் ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள். கீழே கிடந்த சேலை ஒன்றைப் பொறுக்கி அவளிடம் நீட்டினேன். பிறகு மகளின் சடங்குக் கசற் எங்கே போனது, அதில் என்ன மிச்சம் என்று சொன்னேன். சென்றியில் நடுங்கியதைவிட அதிகமாக நடுங்கினேன் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். அவள் ஏசவில்லை. நாவல் நிறச் சேலையை உதறி மடித்து, அடியில் வைத்தாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு தயிர்ச் சட்டியோடு கசற் திரும்பி வந்தது. மொட்டைக் கசற்றில் இப்போது லேபிள் இருந்தது. வெள்ளைத் தாளில் சிவப்புச் சாயம், எழுத்துகள் எல்லாம் காற்றடித்ததுபோல் வலப்பக்கம் சரிந்திருந்தன: "சாமத்தியச் சடங்கு, கடைசிப் பகுதி." மனைவி அதைக் கனநேரம் கையில் வைத்திருந்தாள். வழக்கப்படி கிழிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

பக்கத்து வீட்டு டெக்கை இரவல் வாங்கி எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம். சடங்கை மட்டும் பார்க்க நேரே அந்த இடத்துக்கு ஓட்டலாம். ஆனால் மனைவி அப்படிப் பார்ப்பதில்லை. ஓவியர் சாரத்தில் ஏறுவதிலிருந்து முழுக்க இருந்து பார்ப்பாள். போட்டோ வந்து போனதும் திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கும். குரவை கேட்கும்வரை நாலைந்து விநாடிதான். அந்த நேரம் என் சாரன் ஆடுவதை அவள் ஒரு தரம் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.